ஏழாமவனின் சம்மதம்

கொள்ளிடத்து மணலில் ஆறு தலைகள் கிடந்தன. ஏழாமவனை மண்டியிட வைத்துக் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். பாலத்தில் டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஊத்துங்க" என்றாள் மருங்காபுரி பொன்னழகு. அவள் அரிவாளில் ரத்தம் சொட்டியது.

பூசாரி மலையப்பன் அவன் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். உடம்பு சிலிர்த்தால் பலிக்குச் சம்மதம் என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் அவிழ்த்துவிட வேண்டும். ஆட்டுக்கும் ஆளுக்கும் அதுதான் முறை. மற்ற ஆறு பேரும் முதல் குடத்திலேயே சிலிர்த்திருந்தார்கள்.

இவன் அசையவில்லை. இரண்டாவது குடத்துக்கும் அசையவில்லை.

"விட்டுருவோம்மா" என்றார் பூசாரி. "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"போன வருசம் எம்புள்ள தலையில ஊத்துனீங்களே, அப்ப?"

"அவன் சிலிர்த்தான்."

"சின்னப் புள்ள. தை மாசத் தண்ணி. நடுங்காம என்ன செய்வான்?"

கட்டப்பட்டவன் சிரித்தான். "முறை மீறினால் மழை பெய்யாது. அவிழ்த்து விடு."

"அந்த முறையப் போட்டது யாரு?"

"நாங்கள் ஏழு பேரும்தான். உலகத்தை ஆளத் தொடங்கிய அன்று."

பூசாரி பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பொன்னழகு மூன்றாவது குடத்தை எட்டி உதைத்தாள். அரிவாளை இரண்டு கையாலும் ஓங்கினாள்.

கடவுளின் உடம்பு உச்சியிலிருந்து பாதம்வரை நடுங்கியது.

"சிலிர்த்துட்டாரு" என்றார் பூசாரி. "வெட்டும்மா."