இடது கால் செருப்பு

கூடார வாசலில் வலது கால் செருப்பு மட்டும் கிடந்தது.

காட்டு முகாமில் வேலை பார்க்கும் அவள் குனிந்து பலகைத் தளத்துக்கு அடியில் பார்த்தாள். புல்லில் பார்த்தாள். பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தாள்.

இடது கால் செருப்பு இல்லை.

கூடாரத்தின் திறப்பைப் பிடித்துக்கொண்டு உலகநாயகி நின்றிருந்தார். விருதுநகரிலிருந்து கடல் தாண்டி முந்தைய நாள் வந்து இறங்கிய பதினொரு பெண்களில் ஒருவர். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் குட்டையாகிவிட்டது. அந்தச் செருப்புக்கு மட்டும் இரண்டரை அங்குலம் உயரம் வைத்துத் தைத்திருந்தது. தோல் செருப்பு. வேறு ஜோடி கொண்டுவரவில்லை.

விடிந்துகொண்டிருந்தது. யானை பார்க்கப் போகும் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

முகாமுக்கு வந்ததும் உலகநாயகி கேட்ட முதல் கேள்வி, அந்த வண்டியின் படி எவ்வளவு உயரம் என்பது. அவள் டேப் வைத்து அளந்து சொன்னாள். பதினான்கு அங்குலம். மாலையில் மூன்று தடவை ஏறிப் பார்த்தார். மூன்றாவது தடவை யார் கையையும் பிடிக்கவில்லை.

முகாமின் காவலர் லெமாயன் மண்ணில் இருந்த தடத்தைக் காட்டினார்.

கழுதைப்புலி. வேர்வை ஊறிய தோல் என்றால் அதற்கு உயிர் என்றார்.

முதல் முதலாகத் தமிழ் விருந்தினர்கள் வருகிறார்கள் என்றதும், தமிழில் ஒரு குறிப்புத் தாள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டது அவள்தான். நான்கு மாலைகள் எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள்.

ஜிப்பை அடிவரை இழுத்து மூடவும். பாதி மூடிய ஜிப்பைக் குரங்கு திறந்துவிடும்.

முறுக்கு டப்பா, பொடி டப்பா எல்லாவற்றையும் சமையலறையில் கொடுத்துவைக்கவும்.

இருட்டிய பிறகு தனியாக நடக்க வேண்டாம். டார்ச்சை மேலும் கீழும் ஆட்டினால் காவலர் வருவார்.

கறுப்பும் கருநீலமும் உடுத்த வேண்டாம். கடிக்கிற ஈக்கு அந்த நிறங்கள்தான் பிடிக்கும்.

போர்வைக்குள் வெதுவெதுப்பாகக் காலில் படுவது வெந்நீர்ப் பை. மிருகம் அல்ல.

இப்படிப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் முகாமின் ஆங்கிலத் தாளோடு வைத்துச் சரிபார்த்தாள்.

ஆங்கிலத் தாளில் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் படிக்கிறவர்கள் கட்டில்வரை காலணியோடு போகிறவர்கள்.

அவளும் தன் அறை வாசலில்தான் கழற்றுகிறாள். ஊழியர் குடியிருப்புக்கு வேலி உண்டு. அதனால் செருப்பை உள்ளே வைக்கவும் என்று எழுதத் தோன்றவேயில்லை.

தப்பு தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

“நீ எழுதுன பன்னெண்டும் எனக்கு மனப்பாடம் தாயி. பதிமூணாவதா இத எழுதியிருந்தாலும் நான் வாசல்லதான் விட்டிருப்பேன். கண்ணத் தொடச்சிட்டு ஆக வேண்டியதப் பாரு.”

சொல்லிவிட்டு உலகநாயகி நாற்காலியில் உட்கார்ந்தார். வெறுங்காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். வண்டியில் இருந்தவர்களைப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

போகவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பேரும் இறங்கினார்கள். யானை என்ன பஸ்ஸா, நேரத்துக்குக் கிளம்பிவிட என்றார் ஒருவர்.

இன்ஜின் நின்றது.

தடம் பிடித்துப் போன லெமாயன் ஓடைக்கரையிலிருந்து திரும்பி வந்தார். கையில் ஒரு பக்கிள். அவ்வளவுதான் மிச்சம்.

அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் கால்களைப் பார்த்தபடி நின்றார். பழைய டயரை வெட்டி அவரே செய்துகொண்ட செருப்பு.

அவளும் பார்த்தாள்.

உயரம்தான் சரியாக வர வேண்டும். உலகநாயகியை வலது செருப்போடு எழுந்து நிற்கச் சொன்னாள். இடது காலுக்கு அடியில் பறவைக் கையேட்டை வைத்தாள். அதன்மேல் விருந்தினர் பதிவேடு. பின்னால் போய் நின்று பார்த்தாள். இடுப்பு இன்னும் சாய்ந்திருந்தது.

மிச்சமிருந்த குறிப்புத் தாள்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் செருகினாள்.

பதினேழாவது தாளில் உலகநாயகி தலையசைத்தார்.

லெமாயன் அந்த உயரத்தை ஒரு குச்சியில் கீறிக்கொண்டார்.

பட்டறையில் டயரை அடுக்கடுக்காக வெட்டி ஆணி அடித்தார். பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். பத்துப் பேருக்கும் ஒரு யோசனை இருந்தது. வார் போதாது என்றார்கள். ஓரம் அறுக்கும் என்றார்கள். ஆணி குத்தும் என்று ஒருவர் விரலால் நடித்துக் காட்ட, லெமாயன் முனைகளை மடக்கித் தட்டி, தன் உள்ளங்கையை மேலே தேய்த்துக் காட்டினார்.

ஏழு மணிக்கு உலகநாயகி நடந்தார்.

நான்கு எட்டு. நின்றார். இன்னும் நான்கு.

செருப்பு கனத்தது. சத்தமும் வேறு மாதிரி. ஆனால் இடுப்பு நேராக இருந்தது.

படியில் இடது காலை வைத்தார். அவள் கையை நீட்டப் போனாள். நீட்டவில்லை.

ஏறி உட்கார்ந்த உலகநாயகி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு குனிந்து, வலது கால் தோல் செருப்பைக் கழற்றி வெளியே நீட்டினார். டயர் செருப்பைத் தட்டிக் காட்டினார். ஒரு விரலை உயர்த்தினார்.

லெமாயன் சிரித்துக்கொண்டே வாங்கினார். அவள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வண்டி போனது. காட்டுக்குள் யாரும் கீழே இறங்கக் கூடாது. மதியம்வரை செருப்புக்கு வேலையில்லை.

பட்டறையில் டயரின் மறுபாதி கிடந்தது. லெமாயன் வலது செருப்பை அதன்மேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் ஓரம் வரைந்தார்.

கத்தியைக் கேட்டு அவள் கை நீட்டினாள்.