மங்கில் பாதி

தோட்ட ஆபீசின் தகரக்கூரை வெயிலில் சடசடக்கிறது. மேசைக்கு முன்னால் வெள்ளச்சி நிற்கிறாள். கையில், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு. மூன்று நாளுக்கு முன், கூலிகளை மேய்க்கும் கங்காணி அடித்து அவள் புருஷன் செத்துப்போனான். விசாரிக்க ஈப்போ நகரத்திலிருந்து வெள்ளைக்காரத் துரை வந்திருக்கிறார். அவருக்காகத் தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொல்பவர், தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி கனகரத்தினம். “அடிச்சது எத்தினை மணிக்கு?” “பாலு இம்புட்டு ஏறயில சாமி.” மங்கின் பாதியில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டுகிறாள். கிராணி மங்குப் பக்கம் பார்க்கவில்லை, சுவர்க்கடிகாரத்தைக் காட்டுகிறார். “எட்டோ, ஒன்பதோ?” அந்த முட்களை அவள் ஒருநாளும் படித்ததில்லை. “எட்டுங்க.” “எட்டு மணிக்குக் கங்காணி இஞ்ச ஆபீசிலயெல்லோ நிண்டவர்?” “அப்ப… ஒம்பதுங்க.” “முதல் எட்டெண்டாய், இப்ப ஒன்பதெண்டுறாய். எது உண்மை?” துரையின் பேனா, எழுதியதைக் கரகரவென்று அடிக்கிறது. சன்னலுக்கு வெளியே கங்காணி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார். வெள்ளச்சியின் நகம் மட்டும் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. “என்னயக் கொழப்பாதீங்க சாமி! பக்கத்து மர நெரையில நின்னு நான் பாத்தேன்.” துரை புருவத்தை உயர்த்துகிறார். கிராணி ஒரு நொடி சன்னலைப் பார்க்கிறார். பிறகு, அவளுக்கே எல்லாம் குழப்பமாக இருக்கிறதாம் என்று இங்கிலீஷில் சொல்கிறார். துரை நோட்டை மூடுகிறார். வெள்ளச்சி அந்தப் பீங்கான் மங்கை அவர் முன்னால் வைத்து, நகம் இருந்த இடத்தை மறுபடியும் தொட்டுக் காட்டுகிறாள். துரை அதைத் தன் பக்கம் இழுத்து, சுருட்டுச் சாம்பலை உள்ளே தட்டுகிறார்.