ரயில் நிலையத்து பெஞ்சில் இருந்தவன்

அருங்காட்சியகத்தில் வெளிநாட்டுப் படவிழா. எல்லாம் பரிசு வாங்கிய படங்களாம், யார் கொடுத்தார்களோ. வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதுதான் என் வேலை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் ரயில் நிலையம் வரும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், வேலைக்கென்று கடல் தாண்டிப் போய்த் தகவலே இல்லாமல் போன என் மகன்.

படம் ஓட்டுபவரிடம் சொன்னேன்.

"பெரியவரே, அது நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம். போய் டீ குடிங்க."

அந்த ஆளை நான் நம்பவில்லை. தினமும் பார்த்தேன். காட்சிக்குக் காட்சி மகனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. முதலில் காதோரம் நரைத்தது, பிறகு முதுகு வளைந்தது. படம் வேறு ஊருக்குப் போகுமுன் பெற்றவள் ஒரு தடவை பார்க்கட்டும் என்று, கடைசிக் காட்சிக்கு என் மனைவியைக் காரணம் சொல்லாமல் கூட்டிவந்தேன்.

"வயசான காலத்துல சினிமா கேக்குதாக்கும்" என்று சிரித்தபடி உட்கார்ந்தாள்.

ரயில் நிலையம் வந்தது. "அந்த பெஞ்சைப் பாரு" என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யாருங்க அந்தக் கிழவரு? உங்க அப்பா சாயல்ல இருக்காரே."

திரையில் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து, அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் பைக்குள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.