முதல் வாக்குமூலம்

“ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டா விட்டுடறேன்.”

மலாயாவின் எஃப்.எம்.எஸ். ரயில்வே டிக்கெட் பரிசோதகர் ஜெயராஜ் குனிந்து, எதிரியை முறைத்தார். கிள்ளானிலிருந்து டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர் இந்தப் பார்வைக்கே உண்மையைக் கக்கியிருக்கிறார்கள். இவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது எச்சில்தான் வந்தது.

மாரிஸுக்கு வயது ஒன்று. மகனின் முதல் வார்த்தை ‘அப்பா’தான் என்று ஜெயராஜ் மனைவி உர்சுலாவிடம் பந்தயம் கட்டியிருந்தார். வேறு எது வந்தாலும் பிள்ளையின் ஈரத்துணியை இனி அவர்தான் துவைக்க வேண்டும். அதுவும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பொதுக் குழாயடியில், அத்தனை பெண்களும் பார்க்க.

அவருடைய தகப்பனார் பிள்ளைகளைத் தூக்கியதே இல்லை. இவரோ வேலை விட்டு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பாடம் நடத்தினார். உர்சுலா அலட்டிக்கொள்ளவில்லை. அவள் மிஷன் பள்ளியில் பாடம் சொல்லும் நேரமெல்லாம், பலகாரம் விற்கும் மலாய்க்காரி ரொக்கியாவின் இடுப்பில்தான் மாரிஸ் இருப்பான். வாசலுக்கு வாசல் நலம் விசாரித்த பிறகே கூடையை இறக்குபவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாரிஸ் தகப்பனை ஏறிட்டுப் பார்த்தான். “அப்பா.”

ஜெயராஜ் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் கிளம்பினார். இனிமேல் தகப்பன்மார் காலம்தான் என்று பக்கத்து வீட்டு ரயில் கார்டு கிரிகரியிடம் அறிவித்தார். மாரிஸ் கிரிகரியைப் பார்த்தும், “அப்பா” என்றான்.

கிரிகரியின் மனைவி பிலோமினா புருஷனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் பைபிள்மேல் சத்தியம் செய்யக் கிளம்பினார். அதற்குள் தெருவில் காய்கறி சுமந்து போன சீனக் கிழவரும் ‘அப்பா’ ஆகிவிட்டார்.

ஜெயராஜுக்கு முகம் சுண்டிப்போனது. அந்நேரம் பார்த்து ரொக்கியா கூடையோடு வந்தாள். மாரிஸ் கைகொட்டி, இந்த முறை முழுசாகவே சொன்னான்.

“அப்பா காபா?”

ரொக்கியா, “பாயிக், பாயிக்” என்று பதில் சொல்லிப் பூரித்துப் போனாள். உர்சுலா ஈரத்துணி வாளியைக் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

“உங்களக் கூப்பிடலைங்க. சௌக்கியமான்னு மலாய்ல கேக்குறான்.”