தங்கமீன் சாட்சி

சாயப்பட்டறை முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"புது மிஷின் மேடம். கரண்ட் செலவு பாதிகூட இல்ல. கழிவுத் தண்ணியில சாயத்தையும் அழுக்கையும் மட்டும் பிரிச்செடுக்கும். உப்பை அப்படியே தண்ணியிலேயே விட்டுடும், மறுபடி சாயம் போட ஆகும்."

லைசென்ஸ் ஆய்வுக்கு வந்த அதிகாரி தலையாட்டினார். "சுத்தம் பண்ணின தண்ணி எங்க?"

"இதோ!"

வாசல் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"நம்ம மச்சான் ஏற்பாடு. இதுக்குமேல சாட்சி வேணுமா?"

"இது நல்ல தண்ணி மீனாச்சே சார். அவ்வளவு உப்புல எப்படி உயிரோட இருக்கு?"

முதலாளி பக்கத்தில் நின்ற மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஷின் தண்ணியில விட்டதெல்லாம் செத்துப்போச்சு மாமா. உங்க மானம் போயிடுமேன்னு குழாய்த் தண்ணி ஊத்திட்டேன்."

அதிகாரி சிரித்தபடி சாம்பிள் பாட்டிலைத் திறந்தார்.

"மீன் செத்த தண்ணியக் காட்டுங்க. நான் பார்க்க வந்தது அதைத்தான்."