ஒரு வெடி குறைகிறது

“ஓடிப்போற படையில இருக்கறவனுக்கு எம்பொண்ணு கெடையாது!” என்று கத்துகிறார் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் மேஸ்திரி சின்னப்பையன். “அவரு ஓட மாட்டாரு, நீயே பாரு நைனா!” என்று திருப்பிக் கத்துகிறாள் மகள் கனகம். மாரிகுப்பம் மைதானத்தில் பாதிக் கூட்டம் சண்டையை விட்டுவிட்டு இவர்களைத்தான் பார்க்கிறது. எதிரே நடப்பதும் பொய்ச்சண்டைதானே. மகாராஜாவின் மைசூர் சிப்பாய்களும் சுரங்கத்து வாலண்டியர் துரைமாரும் எதிரெதிரே நின்று போர் பழகுகிறார்கள். துரைமார் பாய்ந்து வந்ததும் மைசூர் படை ஓடவேண்டும் என்பது ஏற்பாடு. பித்தளைப் பொத்தான்கள் வெயிலில் மின்னுகின்றன, புழுதி மூக்கில் ஏறுகிறது, பியூகிள் அலறுகிறது. மைசூர் வரிசை ஒருவர்பின் ஒருவராகச் சுடுகிறது. கடைசியில் நிற்கும் கனகத்தின் முனிரத்தினம் விசையை இழுக்க, துப்பாக்கி ‘டிக்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. “சார்ஜ்!” என்று துரைமாரைப் பாயச் சொல்லிக் கத்துகிறார் அவர்களுடைய கேப்டன். படுத்திருக்கும் துரைமாரில் ஒருவரும் எழவில்லை. சுரங்கத்துக்குள் வெடியை எண்ணியே பழகிய காதுகள் அவை. ஒன்று வெடிக்காமல் கிடந்தால் யாரும் முன்னால் கால் வைப்பதில்லை. “ஒண்ணு கொறையுது! போவாதீங்க தொரை!” என்று தன்னை மறந்து கூவுகிறவர் வேறு யாருமில்லை, சின்னப்பையன்தான். மைசூர் படை நின்ற இடத்திலேயே ஜெயிக்கிறது. தை பிறந்ததும் கனகம் முனிரத்தினத்தைக் கட்டிக்கொண்டு மைசூருக்கே குடிபோனாள். மாப்பிள்ளை பெரிய வீரர் என்று மேஸ்திரி சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.