ஆபீஸே கதி

“அம்மா, மெதுவா பேசு. ஆபீஸ்ல இருக்கேன்” என்று வீடியோ காலில் கிசுகிசுத்தான் மகன்.

“ஆபீஸ்ல எதுக்குடா பின்னாடி அவ்வளவு புத்தகம்?”

“பெரிய கம்பெனிம்மா. அப்படித்தான் இருக்கும்.”

“என்ன பெரிய கம்பெனி! உங்க மாமா பையனும் அதே ஊர்லதானே இருக்கான்? வீட்ல இருந்தே வேலை பார்க்கறான். அந்தக் குளிர்லயும் வீடு பூரா ஹீட்டராம். வெறும் பனியனோட உட்கார்ந்து பேசறான்னு உங்க அத்தைக்குப் பெருமை தாங்கல. நீ என்னடான்னா எப்பப் பார்த்தாலும் ஆபீஸே கதின்னு கிடக்கறே!”

“என் வேலை அப்படிம்மா. வெச்சிடறேன்.”

நூலகர் அம்மாள் உதட்டில் விரல் வைத்து அவனை முறைத்தார். அவன் கம்பெனிக்கு அந்த ஊரில் ஆபீஸே கிடையாது, லேப்டாப்தான் ஆபீஸ். அறையில் ஹீட்டர் போட்டால் பாதிச் சம்பளம் ஆவியாகிவிடும். ஓசியில் கதகதப்பு கிடைப்பது இந்தப் பொது நூலகத்தில்தான்.

பக்கத்து நாற்காலிக்காரன் அவசரமாகக் கோட்டைக் கழற்றி, ஸ்வெட்டரை உருவி, பனியனுக்கு வந்தான். அவன் போன் மேஜைமேல் அதிர்ந்துகொண்டிருந்தது.

“மச்சான், எங்கம்மா கூப்பிடறாங்க. உன் ஆபீஸை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போ. என் வீட்டு ஹால்ல உன் தலை தெரியுது!”